பின்லாந்து முக்காலியும் நின்றபடி விற்ற நாங்களும்

நான் சேல்ஸ் கேர்ள். வேலைக்குச் சேர்ந்தபோது சேல்ஸ் கேர்ள், பேரன் பிறந்த பிறகும் சேல்ஸ் கேர்ள், சென்ற மாதம் மாலை போட்டு அனுப்பி வைத்த அன்றும் சேல்ஸ் கேர்ள்தான். இந்தத் தொழிலில் பெண்களுக்கு வயது ஏறுவதே இல்லை. கால் மட்டும் வீங்கும்.

சிதம்பரம் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்கள் இரண்டு நாள் முன்பு போன் செய்தார்கள். "ஸ்டெல்லாக்கா, மத்த கடைலலாம் நிக்க வச்சே உசுர எடுக்குறாங்களாம். நம்ம கடைல மட்டும் எப்டிக்கா உக்கார வுட்டாங்க? முதலாளிக்கு அவ்ளோ நல்ல மனசா?" என்று ஒருத்தி கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. முதலாளி நல்லவர்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆனால் அவருடைய நல்ல மனசை நம்பிக்கொண்டு நாங்கள் இருந்திருந்தால் இன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருப்போம். முதலில் நாங்கள் உட்கார்ந்தோம், அவர் மனசு பிறகு வந்தது. இந்த வரிசை மாறிப் போய்விடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். யாருக்காவது கோபம் வந்தால் வரட்டும். இனிமேல் பிடித்தம் செய்வதற்கு என்னிடம் சம்பளம் இல்லை.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில். அப்பா சிப்காட்டில் ஒரு கம்பெனி கேன்டீனில் சமையல் வேலை பார்த்தார். பிளஸ் டூ முடித்த கையோடு திருப்பாதிரிப்புலியூரில் ஒரு பெரிய பாத்திரக்கடையில் சேர்ந்தேன். முதல் பல வருடங்களைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. துடைத்தேன், அடுக்கினேன், பெட்டி கட்டினேன், நின்றேன். கல்யாணம் ஆனது, நின்றேன். பிள்ளைகள் பிறந்தார்கள், திரும்ப வந்து நின்றேன். ஷட்டர் ஏறியதிலிருந்து இறங்கும்வரை நிற்க வேண்டும் என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. சுவரில் சாயக் கூடாது என்பதும் அப்படித்தான். மதியம் சாப்பிடும்போது மட்டும் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்ளலாம். யாராவது ஏறி வந்தால் டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு எழுந்து வழி விட வேண்டும்.

இதையெல்லாம் கட்டிக் காத்தவர் சூப்பர்வைசர் கோதண்டம் சார். அவரைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். அவர் ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சட்டைப் பையில் ஒரு பால்பாயின்ட் பேனா இருக்கும். யாராவது ரேக்கில் சாய்ந்தால் அந்தப் பேனாவை எடுத்து 'டிக்' என்று ஒரு தடவை அழுத்துவார். முதுகு தானாக நிமிர்ந்துவிடும். யாராவது உட்கார்ந்தே விட்டால் பக்கத்தில் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஏம்மா, ஒடம்பு சரியில்லியா? வூட்டுக்குப் போறீங்களா?" என்று அக்கறையோடு கேட்பார். அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொன்னவர்களை மறுநாள் கடையில் பார்க்க முடியாது. வாடிக்கையாளர் சொல்வதுதான் அவருக்குச் சட்டம். "கஸ்டமர் பாடச் சொன்னா பாடணும்மா" என்பார், சிரிக்காமல். நியாயத்துக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அந்த மனிதரும் கடைக்குள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பார்.

சிதம்பரத்தில் கிளை திறந்தபோது எங்களில் சிலரை அங்கே மாற்றினார்கள். கோதண்டம் சாரும் வந்தார். கீழ்த்தளத்தில் எவர்சில்வர், பித்தளை, குக்கர். மேல்தளத்தில் பரிசுப்பொருளும் வீட்டு அலங்காரமும். மேல்தளம் முதலாளியின் மகன் பொறுப்பு, அவரைச் சின்னவர் என்போம். அவர் வெளிநாட்டில் படித்துவிட்டு, சில காலம் பின்லாந்தில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அந்த ஊர்ப் பொருள்கள்மேல் அவருக்கு அப்படி ஒரு மயக்கம். வந்ததும் வராததுமாகப் பெட்டி பெட்டியாக வரவழைத்தார்.

பிரித்து வைத்தபோது எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கண்ணாடித் தம்ளர், ஒரு கோடு கிடையாது. தட்டு, ஒரு பூ கிடையாது. எனாமல் சட்டி, மூடியில் ஒரு மரக்குமிழ், அவ்வளவுதான். வெண்ணெய் தடவ ஒரு மரக்கத்தி, அது ஐஸ்கிரீம் குச்சிக்கு அண்ணன் மாதிரி இருந்தது. "இன்னாக்கா, வேலைய முடிக்காமயே அனுப்பிட்டானுங்களா?" என்றாள் வசந்தி. வசந்தி என்னோடு மேல்தளத்தில் வேலை பார்த்த பெண். குறிஞ்சிப்பாடியிலிருந்து சிதம்பரத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், வாய்த்துடுக்குக்காரி.

சில நாள் துடைத்த பிறகு என் சிரிப்பு போய்விட்டது. அழகைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் துடைத்துத் துடைத்துத் தெரிந்துகொண்டதுதான். எங்கள் தளத்தில் தங்க முலாம் பூசிய மயில் ஒன்று இருந்தது. இறகுக்கு இறகு இடுக்கு, இடுக்குக்கு இடுக்கு தூசி. பழைய டூத் பிரஷ் இல்லாமல் அதைச் சுத்தம் செய்ய முடியாது. அதைச் செய்தவன் அதை ஒருநாளும் துடைக்கப் போவதில்லை என்பது பார்த்தாலே தெரியும். பின்லாந்துக் கிண்ணத்தை ஒரே சுற்றில் துடைத்துவிடலாம், துணி எங்கும் மாட்டாது. தம்ளர்கள் ஒன்றுக்குள் ஒன்று போய் உட்காரும், சிக்கிக்கொள்ளாது. சட்டியின் காது சரியாக விரல் போகிற இடத்தில் இருக்கும். கழுவப் போகிறவளை, தூக்கப் போகிறவளை நினைத்துக்கொண்டு யாரோ எங்கேயோ இதைச் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது. என்னை அப்படி யாரும் நினைத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்தப் பொருள்கள்மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது.

பாசம் இருந்தால் போதுமா, விற்க வேண்டுமே. நம் பக்கத்தில் கல்யாணப் பரிசு என்றால் முதலில் பெட்டியின் அளவைத்தான் பார்ப்பார்கள். மேடை ஏறும்போது பத்து பேர் கண்ணில் பட வேண்டும். "பொட்டி இன்னும் கொஞ்சம் பெருசா இருக்குதா?" என்று கேட்பவர்களுக்குச் சின்னக் கிண்ணத்தைக் குக்கர் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் காகிதம் திணித்து, ரிப்பன் கட்டிக் கொடுத்திருக்கிறேன். கல்யாணத்தன்று பெட்டி பேசட்டும், மறுநாளிலிருந்து கிண்ணம் பேசிக்கொள்ளும் என்பது என் கணக்கு. விளிம்பு நெளிந்த ஒரு கண்ணாடிப் பூச்சாடியைப் பார்த்துவிட்டு ஒரு பேராசிரியர், "உருகிப் போன பீஸாம்மா இது? டிஸ்கவுண்ட் உண்டா?" என்று கேட்டார். "நம்ம வெள்ளாறு கூட வளைஞ்சி வளைஞ்சிதான் சார் வருது. அதுக்கு யாரும் டிஸ்கவுண்ட் கேக்கலியே" என்றேன். சிரித்துக்கொண்டே வாங்கிப் போனார். இதெல்லாம் சின்னச் சண்டைகள். பெரிய சண்டை முக்காலியோடு வந்தது.

வெளிர் நிற மரத்தில் ஒரு வட்டப் பலகை. மூன்று கால்கள். ஒவ்வொரு காலும் மேலே போய், முழங்கை மடங்குவதுபோல் மடங்கிப் பலகையோடு சேரும். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் கால்கள் சுற்றிச் சுற்றி ஏறும், பார்க்கக் கண் நிறைந்துவிடும். சின்னவர் அப்படி ஒரு கோபுரத்தைத் தெருவைப் பார்த்த கண்ணாடி ஜன்னலில் அடுக்கி வைத்தார். அதை யாரும் தொடக் கூடாது. அதன் அடியில் தரையில் இரண்டை மட்டும், வாங்க வருகிறவர்களுக்குக் காட்டத் தனியாகப் போட்டிருந்தோம்.

"காலு ஒண்ணு கொறையுதே" என்பார்கள். "சாஞ்சிக்கறதுக்கு இன்னா பண்றது?" என்பார்கள். "இது உக்காரவா, செடி வைக்கவா?" என்றுகூடக் கேட்டார்கள். நான் நின்றுகொண்டே, உட்காருவதன் சுகத்தைப் பற்றி விளக்குவேன். ஒருநாள் ஒரு டாக்டரம்மா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க உக்காந்து பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். விற்கிறவள் உட்காராத இருக்கையை வாங்குகிறவள் எப்படி நம்புவாள்? அவர் வாங்காமல் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் சின்னவர் வந்தபோது நேராகவே கேட்டேன். "சார், முக்காலி விக்கணுமா, வேணாமா?"

"விக்கணும்க்கா. அதுக்குத்தான வாங்கி வச்சிருக்கோம்."

"அப்ப நாங்க உக்காந்து காட்டணும். நின்னுகினு சொன்னா யாரும் நம்ப மாட்டறாங்க."

பின்னால் 'டிக்' கேட்டது. நான் திரும்பவில்லை. சின்னவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கரெக்ட்தான், டெமோ குடுங்க" என்றார். அவர் போனதும் கோதண்டம் சார் என் பக்கத்தில் வந்தார். "கஸ்டமர் இருக்கும்போது மட்டும்மா" என்று மெல்லச் சொல்லிவிட்டுப் போனார்.

இப்படி எங்கள் தளத்தில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டானது. உலகத்தில் எல்லாக் கடைகளிலும் வாடிக்கையாளர் வந்தால் எழுந்து நிற்பார்கள். நாங்கள் வாடிக்கையாளர் வந்தால் உட்காருவோம், அவர் போனதும் எழுந்துகொள்வோம். படியில் செருப்புச் சத்தம் கேட்டாலே வசந்தியின் முகம் மலர்ந்துவிடும்.

அதற்குக் காரணம் இருந்தது. வசந்திக்கு முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் புடைத்துச் சுருண்டு நீலம் பாய்ந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு புண், ஆறுவதும் உடைவதுமாக இருந்தது. தொடர்ந்து நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடையில் சொன்னால், வூட்டுக்குப் போறீங்களா என்ற கேள்வி வரும். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அதனால் சேலையைத் தரை தடவக் கட்டிக்கொண்டு நின்றாள். கடையில் எனக்கு மட்டும்தான் தெரியும். டெமோ முழுக்க வசந்திக்கே என்று நான் முடிவு செய்துகொண்டேன். நான் பேசுவேன், அவள் உட்காருவாள். "பாருங்க மேடம், இதுக்கு முன்பக்கம் பின்பக்கமே கெடையாது. எந்தப் பக்கம் வேணா திரும்பிக்கலாம். விருந்தாளி வந்தா பிரிச்சிப் போடலாம், போனா அடுக்கி மூலைல வச்சிக்கலாம்" என்று பேச்சை இழுப்பேன். வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தவர்களிடம் இன்னும் கொஞ்சம் இழுப்பேன். முக்காலியும் விற்றது, வசந்தியின் புண்ணும் காய்ந்துகொண்டு வந்தது.

அப்புறம் ஒருநாள் புவனகிரியிலிருந்து ஓர் ஆள் முக்காலியைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். வசந்தி வழக்கம்போல் உட்கார்ந்தாள். அவர் முக்காலியை டொப்பென்று தரையில் வைத்தார்.

"இத்த வித்தது யாரு?"

"நாந்தான் சார்."

"எங்கம்மா இதுலேந்து வுழுந்து கைய ஒடச்சிக்கினாங்க. மூணு கால வச்சி ஊர ஏமாத்தறீங்களா?"

பெற்ற தாய் விழுந்திருக்கிறாள், அவர் கோபம் நியாயம்தான். எப்படி விழுந்தார்கள் என்று நான் கேட்பதற்குள் கோதண்டம் சார் வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டு, முக்காலியை வாங்கிக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டார். பிறகு மேலே வந்து, நாங்கள் உட்கார்ந்து காட்டிய இரண்டையும் எடுத்துக் கோபுரத்தின் உச்சியில் அடுக்கினார். நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டினார். 'தொடாதீர்கள்' என்று ஓர் அட்டையை மாட்டினார். திரும்பி வந்த முக்காலி என் கவுண்டருக்கு அடியில் போனது.

"இனிமே டெமோ கெடையாதும்மா. சின்னவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார்.

"எப்டி வுழுந்தாங்கன்னு ஒரு வார்த்த கேட்டீங்களா சார்?"

"கஸ்டமர் சொன்னா சொன்னதுதான்."

"அப்ப வசந்தி?" என்று வாய் வரை வந்துவிட்டது. வசந்தி கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

வசந்தி மறுபடி நின்றாள். புண் மறுபடி உடைந்தது. ஒருநாள் மதியம் மாடிப்படியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "இந்த மாசத்தோட வேலைய வுட்டுர்றேங்க்கா" என்றாள். "எங்கனா வூட்டு வேலைக்குப் போறேன். துணி தொவைக்கும்போதாச்சும் குந்தலாம் இல்ல?" என்று சிரித்தாள். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஒரு மாடி முழுக்க இருக்கைகளை அடுக்கி வைத்துக்கொண்டு, உட்கார முடியாமல் ஒருத்தி வேலையை விட்டுப் போகிறாள் என்றால் அது என்ன கடை?

அந்த வாரத்திலேயே, கூட்டமில்லாத ஒரு பகல் வேளையில், ஓர் அம்மா மெல்லப் படியேறி வந்தார். என் வயதோ, ஒன்றிரண்டு கூடவோ இருக்கும். வலது கையில் மாவுக்கட்டு, கழுத்திலிருந்து துணியில் தொங்கியது.

"முக்காலி வித்த பொண்ணு யாரும்மா?"

அடுத்த சண்டை என்று நினைத்துக்கொண்டேன். "நாந்தாம்மா."

"என் பேரு காசியம்மா. புவனகிரி. எனக்குத் தெரியாம எம் புள்ள கொண்டாந்து குடுத்துட்டான். எங்க அது?"

கவுண்டருக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். முந்தானையால் ஒரு துடை துடைத்து, தளத்தின் நடுவில் போட்டு உட்கார்ந்துகொண்டார். உட்கார்ந்த பிறகுதான் பேச்சே வந்தது.

"வுழுந்தது என்னவோ நெசம். ஒரு கால மடிச்சி மேல வச்சிக்கினு கீரை ஆஞ்சிக்கினு இருந்தேன். கட்டு உருண்டு போச்சி. மடக்குன கால எறக்காமயே சாஞ்சி எட்டுனேன். குப்புற அடிச்சிது. நாலு காலு இருந்தாலும் வுழுந்துதான் இருப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு காலையும் தொங்கப் போட்டு உட்காருவது நமக்கு எங்கே பழக்கம்? பஸ் சீட்டிலேயே ஒரு காலை மடித்து வைத்தால்தான் உட்கார்ந்த மாதிரி இருக்கும். பின்லாந்தில் இருப்பவர்களுக்கு இது தோன்றியிருக்காது. இங்கே நின்றுகொண்டிருந்த எங்களுக்கும் தோன்றவில்லை.

"அப்புறம் ஏம்மா திருப்பிக் கேக்கறீங்க?"

"அது என்னுது" என்றார். "வூட்ல சோபா இருக்குது, அது வர்றவங்களுக்கு. கை வச்ச நாற்காலி இருக்குது, அது அவருது. அவுரு போயி சேந்தும் அதுல யாரும் உக்கார்றதில்ல. பிளாஸ்டிக் சேர்ல உக்காந்தா எந்திரிக்க ஆள் வேணும். நான் சத்துணவுல சமையல்காரி. சர்வீஸ் பூரா நின்னுதான் ஆக்கிப் போட்டேன். இத்த ஒரு கைல தூக்கிக்கினு அடுப்பாண்ட போவேன், கொழாயாண்ட போவேன். எங்க வச்சாலும் என் எடம். இதுலேந்து யாரும் என்னை எந்திரின்னு சொன்னதில்ல."

அதற்குள் கோதண்டம் சார் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "அம்மா, அது இனிமே விக்கிறதுக்கில்லம்மா. உங்க பையன் எங்களத்தான் கேப்பாரு" என்றார்.

"கேக்கட்டும். வுழுந்தது நானு, கையி என்னுது. குடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

காசியம்மாவின் பார்வை வசந்தி பக்கம் போனது. சேலையின் கரைக்குக் கீழே கட்டுத்துணி நனைந்து தெரிந்தது.

"ஏம் பொண்ணு, கால்ல இன்னா அது ஈரம்?"

"ஒண்ணுமில்லம்மா." வசந்தி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"உக்காரு."

"டூட்டி டைம்மா."

காசியம்மா கோதண்டம் சாரை அண்ணாந்து பார்த்தார். "நான் கஸ்டமரா, இல்லியா?"

"கஸ்டமர்தாம்மா."

"அப்ப கஸ்டமர் சொல்றேன். எல்லாரையும் உக்காரச் சொல்லு. நீங்கல்லாம் நின்னுகினே பேசுனா அண்ணாந்து பாத்து எனக்குக் கழுத்து வலிக்குது."

கோதண்டம் சாரின் கை பேனாவுக்குப் போனது. 'டிக்' வரவில்லை. நான் அதற்குமேல் காத்திருக்கவில்லை. பெட்டி கட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன். என் வாழ்க்கையில் எந்தக் கயிற்றையும் அவ்வளவு தெம்பாக அறுத்ததில்லை. உச்சியிலிருந்த இரண்டையும் இறக்கி, ஒன்றை வசந்திக்குப் போட்டேன், ஒன்றை எனக்குப் போட்டுக்கொண்டேன். உட்கார்ந்தோம். கடைக்குள், வேலை நேரத்தில், விற்பதற்காக இல்லாமல் உட்கார்ந்தோம்.

சற்று நேரத்தில் ஒரு தாயும் மகளும் படியேறி வந்தார்கள். "இன்னா, இங்க மீட்டிங் நடக்குதா?" என்றார் தாய். "உக்காருங்கம்மா" என்று காசியம்மாவே சொன்னார், தன் வீடு மாதிரி. அவர்கள் தம்ளர் பார்க்க வந்தவர்கள். இன்னும் இரண்டு முக்காலிகளை இறக்கிப் போட்டேன். பேச்சு கீரையில் ஆரம்பித்துக் கல்யாணப் பரிசில் வந்து நின்றது. அந்தச் சமயம் பார்த்துத்தான் சின்னவர் மேலே வந்தார்.

"கோதண்டம், என்ன இது?"

ஒரே வார்த்தை போதும். நானும் வசந்தியும் அன்றோடு வீட்டுக்குப் போயிருப்போம். கோதண்டம் சார் எங்கள் இருவரையும் பார்த்தார், வசந்தியின் கட்டுத்துணியைப் பார்த்தார். பேனாவைப் பையில் செருகிக்கொண்டார்.

"கஸ்டமர் உக்காரச் சொன்னாங்க சார்."

"ஆமா, நாந்தான் சொன்னேன். நீ யாரு தம்பி?" என்றார் காசியம்மா.

சின்னவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்து, வசந்தி தடுக்கத் தடுக்க, அவள் சேலைக்கரையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் காட்டினேன். "சார், இந்தக் காலு நின்னுகினுதான் உங்க பொருள விக்குது. பாத்துக்குங்க" என்றேன். என் குரல் எனக்கே உரத்துக் கேட்டது. சின்னவரின் சிரிப்பு போய்விட்டது. அவருக்கு அதுவரை தெரியாது. "எந்திரிக்காதீங்க. யாரும் எந்திரிக்க வேணாம்" என்றார். அன்றிலிருந்து மேல்தளத்தில் வாடிக்கையாளர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உட்காரலாம் என்று ஆனது.

மகன் திரும்ப வாங்கிப் போன பணத்தைக் கட்டிவிட்டு, காசியம்மா முக்காலியோடு கிளம்பினார். ஆட்டோ வரை தூக்கி வருகிறேன் என்றேன். "ஒரு கைல தூக்கலாம்னுதான வாங்கனேன்" என்று இடது கையில் மாட்டிக்கொண்டு தானே இறங்கிப் போனார். அதற்குப் பிறகு முக்காலி வாங்கிய எல்லாரிடமும், காலை மடித்து உட்கார்ந்திருந்தால், எதையாவது எட்டுவதற்கு முன் காலை இறக்கிவிடுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பினேன்.

கீழ்த்தளத்துப் பெண்கள் மட்டும் நின்றுகொண்டே இருந்தார்கள். பிறகு, கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று அரசாங்கமே சட்டம் போட்டது. எங்கள் கடைக்கும் பிளாஸ்டிக் ஸ்டூல்கள் வந்தன. வந்து, கவர் பிரிக்காமல் குடோனில் இருந்தன. யாராவது சோதனைக்கு வந்தால் காட்டலாம் அல்லவா? கவரைக் கிழித்து, ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து, குக்கர் ரேக்குக்கும் பித்தளை ரேக்குக்கும் நடுவில் போட்டவள் நான்தான். கோதண்டம் சார் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்றும் 'டிக்' கேட்கவில்லை.

இப்போது ஓய்வு பெற்ற நாளுக்கு வருகிறேன். பெரிய முதலாளியே கடலூரிலிருந்து வந்திருந்தார். மாலை போட்டார்கள். தங்க நிறப் பூக்கள் மொய்த்த ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள், மிகப் பெரிய பெட்டியில். இன்றைக்கும் டூத் பிரஷ் வைத்துத்தான் அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். பிறகு குரூப் போட்டோ. எங்கள் கடையில் குரூப் போட்டோவுக்கு ஒரு முறை உண்டு. முன்வரிசையில் முதலாளி குடும்பத்துக்கு நாற்காலி. பின்னால் நாங்கள் நிற்க வேண்டும். ஓய்வு பெறுகிறவருக்கு மட்டும் அன்று ஒருநாள் முதலாளி பக்கத்தில் ஒரு நாற்காலி.

"வாங்கம்மா, ஒக்காருங்க. இன்னைக்கு உங்க நாளு" என்றார் பெரியவர்.

நான் அந்த நாற்காலியைப் பார்த்தேன். பின்னால் வசந்தி நின்றாள், மேல்தளமும் கீழ்த்தளமும் சேர்ந்து எல்லாரும் நின்றார்கள். வேலையை விட்டுப் போகிற அன்றைக்கு எனக்கு மட்டும் எதற்கு நாற்காலி? "ஒரு நிமிஷம் சார்" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போனேன். கோபுரத்தை உச்சியிலிருந்து பிரித்தேன். வசந்தி புரிந்துகொண்டு ஓடி வந்தாள். ஒவ்வொன்றாக இறக்கி இறக்கிக் கொடுத்தேன், அவர்கள் கை மாற்றி மாற்றி வாங்கி முன்வரிசைக்கு இரண்டு பக்கமும் போட்டுக்கொண்டு போனார்கள். ஜன்னல் காலியானது. அத்தனை காலமும் தெருவில் போகிறவர்கள் ஒரு தூண் என்று நினைத்துப் பார்த்துப் போனது, எங்கள் எல்லாருக்கும் போதுமான இருக்கைகள்.

எல்லாரும் உட்கார்ந்தோம். பெரியவர் தன் மகனைப் பார்த்தார். சின்னவர், "இருக்கட்டும்ப்பா" என்றார்.

போட்டோகிராபர் கேமராவிலிருந்து தலையைத் தூக்கினார். "மேடம், எல்லாரும் உக்காந்துட்டா பின்வரிசைக்கு யாரு?"

"நாங்க நின்ன வரைக்கும் போதும்ப்பா. பின்வரிசைக்கு இன்னைக்கு லீவு. அப்டியே எடு" என்றேன்.

ஒரு முக்காலி மிச்சம் இருந்தது. கோதண்டம் சார் ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். நான் அதை அவர் பக்கம் காலால் நகர்த்தி வைத்தேன். "உக்காருங்க சார்." அவர் முதலாளியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழக்கமில்லம்மா" என்றார்.

"எங்களுக்கும் பழக்கமில்லாமத்தான் சார் இருந்துது."

அந்த நொடியில் படம் எடுத்துவிட்டார்கள். இப்போது அது சிதம்பரம் கடையில் கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. படத்தில் எல்லாரும் உட்கார்ந்திருக்கிறோம். கோதண்டம் சார் மட்டும் முழங்காலை மடித்து, பாதி குனிந்தபடி இருக்கிறார். அவர் உட்காரப் போகிறாரா, எழுந்திருக்கிறாரா என்று புதிதாகச் சேரும் பெண்கள் கேட்பார்கள். வசந்தியைக் கேளுங்கள், சொல்வாள். உட்காரத்தான் போனார்.